குழாய் மட்டும் போதாது: எஞ்சின் மாற்றிய கார்களில் கோல்ட் ஏர் இன்டேக்

1990களின் ஹோண்டா சிவிக்கில் கே-சீரிஸ் எஞ்சினை இறக்குவது அமெரிக்கக் கார்ப் பித்தர்களிடையே நன்றாக வேரூன்றிவிட்ட பழக்கம். காரணம் எளிது. 1996 முதல் 2000 வரை அங்கே விற்ற சாதாரண சிவிக்குகளின் 1.6 லிட்டர் டி-சீரிஸ் எஞ்சின், ரகத்துக்கு ஏற்ப 106 முதல் 127 குதிரைத்திறன் வரை தந்தது. 2002இல் அக்கூரா ஆர்எஸ்எக்ஸ் டைப்-எஸ் காரில் வந்த கே20ஏ2 என்ற 2.0 லிட்டர் எஞ்சினோ 200 குதிரைத்திறன் தரும். எடை குறைந்த பழைய காரில் அந்தப் புதிய எஞ்சின் உட்கார்ந்தால் வண்டியின் குணமே மாறிவிடுகிறது. இதற்கான மவுன்ட், வயரிங், ஆக்சில், ரேடியேட்டர் எல்லாம் இன்று கடையில் கிட்டாகவே கிடைக்கின்றன.

இவ்வளவும் பொருத்தி முடித்தபின் கடைசியாக ஒரு வேலை மிஞ்சும்: எஞ்சின் எந்த வழியாக மூச்சுவிடப் போகிறது? பெரும்பாலோர் அதிகம் யோசிப்பதில்லை. பளபளக்கும் ஓர் அலுமினியக் குழாய், அதன் முனையில் கூம்பு வடிவ ஃபில்டர், இரண்டு சிலிக்கோன் இணைப்பு, நான்கு கிளாம்ப். ‘கோல்ட் ஏர் இன்டேக்’ என்று பெயர் எழுதிய பெட்டி வந்து சேர்கிறது, அரை நாளில் வேலை முடிகிறது. கம்பெனி எஞ்சினோடு ஓடும் காரில் இதே பொருளைப் போடுவது வீண் அலங்காரமா, பயனுள்ள மேம்பாடா என்ற விவாதம் பழையது. எஞ்சின் மாற்றிய காரில் கேள்வியே வேறு. அங்கே அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் தவிர்க்க முடியாத பொருளை, தவிர்க்கக்கூடிய பொருளுக்குச் சொல்லும் அதே காரணங்களைச் சொல்லி விற்கிறார்கள், வாங்குகிறார்கள், பொருத்துகிறார்கள். இந்தப் பழக்கத்தின் நன்மைகளும் குறைகளும் அந்த முரணிலிருந்துதான் பிறக்கின்றன.

இரண்டு பெட்டிகளும் பயன்படாமல் போகும் இடம்

டி-சீரிஸிலும், ஹோண்டாவின் இன்னொரு பழைய வகையான பி-சீரிஸிலும் எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு டாஷ்போர்டு பக்கம். கே-சீரிஸில் இது தலைகீழ்: மேனிஃபோல்டு முன்னே, எக்ஸாஸ்ட் பின்னே. கியர்பாக்ஸும் பக்கம் மாறி, இடக்கை ஓட்டு வண்டியில் ஓட்டுநர் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. அதனால் பழைய சிவிக்கின் காற்றுப் பெட்டி வலது மூலையில் இருக்க, புதிய எஞ்சினின் த்ராட்டில் வாய் இடது பக்கம் பார்த்துத் திறக்கிறது. ஆர்எஸ்எக்ஸிலிருந்து வந்த அசல் பெட்டியோ அந்த வண்டியின் ஃபெண்டருக்கும் பேட்டரித் தட்டுக்கும் என்று வார்க்கப்பட்டது. சிவிக்கின் குறுகிய எஞ்சின் அறையில் அதை அப்படியே உட்காரவைக்க முடியாது.

ஆக, எஞ்சின் கொடுத்த வண்டியின் பெட்டியும் உதவாது, வாங்கிய வண்டியின் பெட்டியும் உதவாது. இது ஹோண்டாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. மாஸ்டா மியாட்டாவில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 எஞ்சினை வைப்பவர்களுக்கும் இதே கதைதான்: த்ராட்டில் நேராக ரேடியேட்டர் விசிறியை முறைத்துக்கொண்டு நிற்கும், குழாய் புறப்பட்ட உடனே 90 பாகை வளைந்தாக வேண்டும். இந்த நிலையில் யாரோ ஒருவர் புதிதாக ஒரு மூச்சுவழியை அமைத்தே தீர வேண்டும். கடைக் குழாய்களும் வளைவுகளும் இணைப்புகளும் அளவுக்கு அளவு கிடைப்பதுதான் இந்த வேலையைச் சாதாரண ஷெட்டிலும் செய்யக்கூடியதாக்கியது. இந்தப் பழக்கத்தின் முதல் பலம் இதுவே. குதிரைத்திறனைப் பற்றிய எந்த வாக்குறுதியும் இல்லாமலேயே இந்தப் பொருளுக்கு இங்கே மதிப்பு உண்டு.

அதே வேளையில் கம்பெனிப் பெட்டி என்னென்ன வேலைகளைச் செய்துகொண்டிருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அது கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ ஃபெண்டருக்குள்ளிருந்தோ வெளிக்காற்றையே எடுத்தது. எஞ்சின் அறையின் சூட்டிலிருந்து ஃபில்டரைச் சுவர்போட்டுப் பிரித்தது. தண்ணீரைத் தடுத்தது, தூசியைப் பிடித்தது, ஓசையை விழுங்கியது. சென்சார்களுக்குச் சீரான காற்றோட்டத்தைக் கொடுத்தது. புதிதாக வரும் குழாய் இவற்றில் எத்தனையைச் செய்கிறது என்பதுதான் அதை எடைபோடும் தராசு.

குளிர்ச்சியின் கணக்கு

விளம்பரத்தின் முதல் சொல்லே குளிர்ச்சிதான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதே கொள்ளளவில் ஆக்சிஜன் கூடுதல், ஆகவே சக்தியும் கூடுதல் என்பது வாதம். அடிப்படை சரி. அளவுதான் பெரும்பாலும் பெரிதாக்கப்படுகிறது.

வெளியே 35 பாகை செல்சியஸ், பானட்டுக்குள் 65 பாகை என்று வைத்துக்கொள்வோம். காற்றின் அடர்த்தி தனி வெப்பநிலைக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். உள்ளறைக் காற்றை இழுக்கும் எஞ்சினுக்கு வெளிக்காற்றைவிடச் சுமார் 9 விழுக்காடு குறைவான எடையே கிடைக்கும். ஆனால் சக்தி அதே அளவு விழுவதில்லை. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ கருவியின் அளவீடுகளைத் திருத்த அமெரிக்க வாகனப் பொறியாளர் கழகம் வகுத்த எஸ்ஏஇ ஜே1349 விதி, டர்போ இல்லாத எஞ்சின்களுக்கு வெப்பநிலையின் வர்க்கமூலத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது. குளிர்ந்த காற்று மேனிஃபோல்டின் சூடான சுவர்களையும் வால்வையும் கடக்கும்போது கூடுதலாகச் சூட்டை வாங்கிக்கொள்ளும்; வாசலில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடும். அந்தக் கணக்கில் 30 பாகை வேறுபாட்டுக்குச் சக்தி இழப்பு சுமார் நாலரை விழுக்காடு. 200 குதிரைத்திறனில் ஒன்பது. வேறுபாடு 10 பாகைதான் என்றால் மூன்றுக்குச் சற்று மேல்.

ஒன்பது குதிரைத்திறன் புறக்கணிக்கத் தக்கதல்ல. ஆனால் அது எதிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் அறைச் சூட்டை உறிஞ்சும் மோசமான அமைப்போடு ஒப்பிடும்போதுதான் அந்த ஒன்பதும் கிடைக்கிறது. ஏற்கெனவே வெளிக்காற்றை எடுக்கும் கம்பெனிப் பெட்டியோடு ஒப்பிட்டால் குளிர்ச்சியில் லாபம் ஏறக்குறைய இல்லை. எஞ்சின் மாற்றியவருக்கு இதன் பொருள்: குளிர்காற்று ஒரு பரிசு அல்ல, இழக்கக் கூடாத முதல். ஃபில்டரை ரேடியேட்டருக்குப் பின்னால் திறந்தபடி தொங்கவிட்டால் அந்த முதலைத் தொலைத்ததாக ஆகும். கே-சீரிஸ் சிவிக்கில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் மேனிஃபோல்டே ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது. குட்டையான குழாயைப் போட்டால் ஃபில்டர் நேராக ரேடியேட்டரின் வெந்த மூச்சுக்குள் போய் நிற்கும். பெயர் மட்டும் ‘கோல்ட் ஏர்’.

இங்கே டைனோ சோதனையின் ஒரு பலவீனமும் சேர்ந்துகொள்கிறது. டைனோவில் வழக்கமாகப் பானட்டைத் திறந்துவைத்து, முன்னே ஒரு பெரிய விசிறியை ஓடவிட்டுத்தான் அளப்பார்கள். திறந்த பானட்டின் கீழ் மோசமான இன்டேக்கும் குளிர்ந்த காற்றையே குடிக்கும். சிக்னலில் மூன்று நிமிடம் நின்றுவிட்டுப் புறப்படும் காரில் என்ன நடக்கிறது என்பதை அந்த வரைபடம் காட்டாது.

குழாயின் உலோகத்தைப் பற்றியும் ஒரு தவறான அச்சம் உண்டு. அலுமினியம் சூடேறும், ஆகவே பிளாஸ்டிக்கே மேல் என்பார்கள். எஞ்சின் முழு வேகத்தில் இருக்கும்போது காற்று ஒரு மீட்டர் குழாயை ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் அது வாங்கும் சூடு சொற்பம். ஐடிலில் மட்டும் அதே தூரத்தைக் கடக்க இரண்டு விநாடி பிடிக்கும், அப்போதுதான் சுவரின் சூடு ஏறும். ஆகவே பொருளைவிட, ஃபில்டர் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். குழாய் எதில் செய்தது என்று கேட்பவர்கள் அதன் வாய் எங்கே திறக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

காற்றோட்டத்தின் கணக்கு

இரண்டாவது வாக்குறுதி தடையில்லாத ஓட்டம். எஞ்சின் மாற்றிய காரில் இந்த வாக்குறுதிக்குக் குளிர்ச்சியைவிட வலுவான நியாயம் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்ளும். சிலிண்டர் முழுதும் நிரம்புவதாகக் கொண்டால், பழைய 1.6 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,600 சுற்றில் சுமார் 5,250 லிட்டர் காற்றைக் குடிக்கும். கே20ஏ2 அதன் உச்சமான 7,900 சுற்றில் 7,900 லிட்டர் குடிக்கும். ஒன்றரை மடங்கு. பழைய குழாயை எப்படியோ வளைத்து இணைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு எண்ணே பதில்.

அந்தக் காற்று இரண்டரை அங்குலக் குழாயில் போனால் விநாடிக்கு 42 மீட்டர் வேகம் எடுக்கும். மூன்று அங்குலக் குழாயில் 29 மீட்டர். அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால் அரை அங்குலம் கூட்டினாலே இழப்பு பாதியாகிறது. இது உண்மையான லாபம். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று அங்குலத்தில் வேகத்தால் உண்டாகும் அழுத்தமே வளிமண்டல அழுத்தத்தில் அரை விழுக்காடுதான். மேலும் மேலும் பெரிய குழாய்க்குப் போனால் மிச்சப்படுத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது; இடமும் போகும், வளைவுகளும் கடினமாகும்.

வண்டி ஓடும் வேகத்தில் காற்று தானாகவே உள்ளே திணிக்கப்படும் என்று சொல்லி பம்பரில் ஓட்டை போடுவதும் உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு துளியும் வீணாகாமல் பிடித்தாலும், கிடைக்கும் கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. பம்பர் ஓட்டையின் பயன் குளிர்ந்த காற்றுக்கு வழிவிடுவதில்தான் இருக்கிறது, அழுத்தத்தில் இல்லை.

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது குழாயின் நீளம். வால்வு மூடித் திறக்கும்போது குழாய்க்குள் அழுத்த அலைகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. அவை சரியான நேரத்தில் வால்வுக்குத் திரும்பினால் சிலிண்டர் கூடுதலாக நிரம்பும், தவறான நேரத்தில் வந்தால் குறையும். ஆகவே குழாயை நீட்டினால் ஓர் இடத்தில் ஏறுவது இன்னோர் இடத்தில் இறங்கும். ‘உச்சத்தில் ஐந்து கூடியது’ என்று சொல்பவர் 4,000 சுற்றில் என்ன ஆயிற்று என்று சொல்வதில்லை. தெருவில் ஓடும் கார் பெரும்பகுதி நேரம் இருப்பது அந்த 4,000க்குக் கீழேதான்.

மூன்றாவதாக ஓசை. இதைச் சக்தி என்று விற்காமல் ஓசை என்றே விற்றால் யாருக்கும் ஆட்சேபம் இராது. கம்பெனிகள் காற்றுப் பெட்டியோடு ரெசனேட்டர் என்ற வெற்று அறையைச் சேர்த்து உறிஞ்சும் ஒலியை அடக்குகின்றன. அதை நீக்கினால் விடெக் என்ற ஹோண்டாவின் வால்வு அமைப்பு மாறும் இடத்தில் எழும் கர்ஜனை நேராகக் காதில் விழும். அது ஓட்டுபவருக்கு மகிழ்ச்சி என்றால் அதுவும் ஒரு நியாயமான காரணம். சிக்கல் எங்கே என்றால், சத்தம் கூடியதும் வண்டி வேகமாகப் போவதாக மனம் நம்பிவிடுகிறது. பிறகு அளந்து பார்க்கும் எண்ணமே வருவதில்லை.

சென்சாருக்கு யார் பதில் சொல்வது

கம்பெனி எஞ்சினோடு ஓடும் காரில் இல்லாத ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. எரிபொருளை எவ்வளவு தெளிப்பது என்று எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூ முடிவுசெய்ய, உள்ளே வரும் காற்றின் எடை தெரிய வேண்டும். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பநிலையையும் வைத்துக் கணக்கிடுவது; கே20ஏ2 இந்த வகை. மற்றது, குழாய்க்குள் சூடான கம்பி ஒன்றை வைத்து, காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்று நேராக அளப்பது. மேஃப் சென்சார் என்பது இதுதான். எல்எஸ் எஞ்சின்களில் இருக்கிறது, பின்னாள் சிவிக் எஸ்ஐயின் கே20இசட்3யிலும் இருக்கிறது.

மேஃப் உள்ள எஞ்சினை மாற்றுபவர் குழாயைத் தன் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தச் சென்சார் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தின் குறுக்களவை நம்பித்தான் அளக்கிறது. 85 மில்லிமீட்டர் உறையில் இருந்த சென்சாரை 100 மில்லிமீட்டர் குழாய்க்கு மாற்றினால் பரப்பு 38 விழுக்காடு கூடும். அதே காற்று மெதுவாகப் போகும். சென்சார் தோராயக் கணக்கில் கால் பங்குக்கும் மேல் குறைத்துச் சொல்லும். ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பிழையைக் கண்டு திருத்த முயலும். முழு த்ராட்டிலில் அந்தத் திருத்தத்தை நம்பியிருக்க முடியாது. பெட்ரோல் குறைந்த கலவையோடு, முழுச் சுமையில் ஓடும் எஞ்சின் பிஸ்டனைப் பணயம் வைக்கிறது.

குறுக்களவு சரியாக இருந்தாலும் வளைவு கெடுக்கும். வளைந்த உடனே காற்று ஒரு பக்கச் சுவரை ஒட்டிச் சுழன்று ஓடும். நடுவில் இருக்கும் சென்சார் அதன் சராசரியைக் காணாது. அதனால்தான் சென்சாருக்கு முன்னும் பின்னும் நேரான குழாய் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வலியுறுத்துகிறார்கள். மியாட்டாவின் எஞ்சின் அறையில் அந்த நேர்நீளம் கிடைப்பது அரிது. பலர் கடைசியில் மேஃபைக் கழற்றிவிட்டு அழுத்தக் கணக்குக்கு ஈசியூவை மாற்றி எழுதுகிறார்கள். அது நியாயமான தீர்வு. ஆனால் குழாய் வாங்கிய செலவுக்கு மேல் டியூனிங் செலவும் உண்டு என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

அழுத்தக் கணக்கில் ஓடும் கே20ஏ2வுக்குக் குழாய் மாற்றம் அவ்வளவு கொடுமையானதல்ல. இது அந்த எஞ்சின் பரவலாக விரும்பப்படுவதற்கு ஒரு காரணம். ஹோண்டேட்டாவின் கே-ப்ரோ போன்ற கருவியால் ஈசியூவைத் திருத்தி எழுதவும் முடிகிறது. அங்கேயும் வெப்பநிலைச் சென்சாரில் ஒரு பொறி உண்டு. அது சூடேறிய உலோகத்தில் பதிந்து, காற்றைவிடச் சுவரின் சூட்டையே சொன்னால், ஈசியூ காற்று மெலிந்திருப்பதாக எண்ணிப் பெட்ரோலைக் குறைக்கும், பற்றவைப்பையும் பின்தள்ளும். சூடான எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பும்போது வரும் திணறலுக்கு இது ஒரு காரணம். 11:1 அழுத்த விகிதம் உள்ள எஞ்சினில் இந்த அளவீடு பொய் சொல்லக் கூடாது.

தூசியும் தண்ணீரும் எண்ணெய்ப் புகையும்

ஃபில்டருக்கு மூன்று கடமைகள்: தூசியைப் பிடிப்பது, தடை தராதிருப்பது, நெடுநாள் தாங்குவது. ஒரே பரப்பளவில் மூன்றையும் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது. காகித ஃபில்டர் தூசியை நன்றாகப் பிடிக்கும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் காற்றை எளிதாக விடும், கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். ‘அதிகக் காற்று’ என்ற ஒற்றை எண்ணைத் தரும் தயாரிப்பாளர், ஐஎஸ்ஓ 5011 முறையில் சோதித்த வடிகட்டும் திறனையும் தருகிறாரா என்று பார்ப்பது அவசியம். நுண்மணல் பிஸ்டன் வளையங்களைத் தேய்ப்பது ஒருநாளில் தெரியாது. மேஃப் உள்ள வண்டியில் பருத்தி ஃபில்டருக்கு எண்ணெயை வாரி ஊற்றுவதும் தவறு. அது கம்பியில் படிந்தால் அளவீடு கெடும்.

குளிர்ந்த காற்று வேண்டி ஃபில்டரைக் கீழே இறக்க இறக்கத் தண்ணீர் நெருங்கிவரும். ஃபெண்டருக்குள்ளோ பம்பருக்குப் பின்னாலோ, சாலையிலிருந்து முழ உயரத்தில் தொங்கும் ஃபில்டர் முழுவதும் மூழ்கினால் எஞ்சின் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் அமுங்காது. மேலேறும் பிஸ்டன் அதில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும். ஏஇஎம் நிறுவனம் இதற்கென்றே குழாயின் நடுவில் பொருத்தும் பைபாஸ் வால்வை விற்றது: கீழே ஃபில்டர் மூழ்கி உறிஞ்சல் கூடினால் மேலே வேறு வாய் திறந்து காற்று தரும். பொருளை விற்பவரே அதன் ஆபத்துக்கு மருந்தும் விற்க நேர்ந்தது இந்த வடிவமைப்பின் குறையைச் சொல்கிறது. மழை நீர் தேங்கும் ஊரில் ஓடும் வண்டிக்கு, ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே ஃபில்டரைக் கொண்டுபோவது சில பாகைக் குளிர்ச்சிக்காக எஞ்சினையே பந்தயம் கட்டுவது.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொன்று, வால்வு மூடியிலிருந்து வரும் பிரீதர் ஹோஸ். கிராங்க் அறையில் தேங்கும் புகையை வெளியேற்ற, கம்பெனி அமைப்பில் அந்த ஹோஸ் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் இணைந்திருக்கும். சுத்தமான காற்று அதன் வழியே உள்ளே போகும். புகை பொங்கினால் அதே வழியில் வந்து எஞ்சினுக்குள் எரியும். எஞ்சின் மாற்றிய பல கார்களில் குழாயில் அதற்கான மூக்கு இல்லாததால் வால்வு மூடியில் ஒரு குட்டி ஃபில்டரைச் செருகிவிடுகிறார்கள். எண்ணெய் வாடை காருக்குள் வரும், மூடி பிசுபிசுக்கும். மேஃப் உள்ள எஞ்சினில் அந்த வழியாக அளக்கப்படாத காற்று நுழைந்து கலவையையும் கெடுக்கும். சில்லறைச் செலவில் முடியும் ஒரு மூக்கை ஒட்டாததன் விலை இது.

சட்டத்தின் பார்வையில்

கலிபோர்னியாவில் எஞ்சின் மாற்றுவது தடைசெய்யப்பட்டதல்ல. எஞ்சின் வண்டியின் ஆண்டுக்கு இணையாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும், கொடுத்த வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் உடன் வர வேண்டும், வாகனப் பழுதுபார்ப்புத் துறையின் நடுவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இன்டேக் குழாய்க்கு, மாநிலக் காற்று வள வாரியம் தரும் விலக்கு ஆணை எண் தேவை. அந்த எண் குறிப்பிட்ட வண்டிக்கும் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் சோதித்துத் தரப்படுவது. ஆர்எஸ்எக்ஸுக்கு அனுமதி பெற்ற குழாயை வெட்டிச் சிவிக்கில் பொருத்தினால் ஸ்டிக்கர் ஒன்றே சாட்சியாகாது. எஞ்சினை மாற்றுவதற்குப் பெரும்பாடுபட்டுச் சட்டவழி தேடியவர்கள் கடைசிக் குழாயில் தடுக்கி விழுவது இதனால்தான்.

இந்தியாவில் படி இன்னும் உயரம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களோடு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே சென்னையிலோ கோவையிலோ வேறு வகை எஞ்சினை இறக்க நினைப்பவருக்கு இன்டேக் எது என்பது முதல் கேள்வியே அல்ல.

எதை வைத்து எடைபோடுவது

இந்தப் பழக்கத்தை முழுதாக நிராகரிப்பதும் தவறு, முழுதாக ஏற்பதும் தவறு. எஞ்சின் மாற்றிய காருக்குப் புதிய மூச்சுவழி வேண்டும்; பெரிய எஞ்சினுக்கு அகலமான குழாய் வேண்டும்; இவ்விரண்டிலும் பழக்கம் சரி. ஆனால் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்த வேலையைக் குழாய் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, மிச்ச வேலைகளை யாரிடமும் ஒப்படைக்காமல் விடுவதில்தான் அதன் அடிப்படைக் குறை. ஃபில்டரைச் சுற்றி அலுமினியத் தகட்டால் ஓர் அறை கட்டி, அதன் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டிப் பானட்டோடு மூடி, முன்புறத்திலிருந்து ஒரு தனி வழியால் வெளிக்காற்றை விட்டால், விளம்பரக் குழாய்கள் சொல்லும் குளிர்ச்சி உண்மையாகவே கிடைக்கும். ஃபில்டரும் தண்ணீர் எட்டாத உயரத்திலேயே இருக்கலாம். இதற்குப் பெரிய பணம் வேண்டாம், ஒரு பகல் வேலை வேண்டும். இதைச் செய்பவர்கள் குறைவு, ஏனென்றால் தகட்டுப் பெட்டி படத்தில் அழகாக விழாது.

செய்தது சரியா என்று அறிய டைனோகூட வேண்டியதில்லை. ஈசியூவோடு பேசும் ஒரு லேப்டாப்போ மலிவான ஓபிடி கருவியோ போதும். முதல் சோதனை வெப்பநிலை: சீரான வேகத்தில் ஓடும்போது உள்ளே போகும் காற்று வெளிக்காற்றைவிட எத்தனை பாகை கூடுதல், நின்று புறப்பட்டபின் எவ்வளவு நேரத்தில் அது இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வேகமெடுத்தும் இறங்காவிட்டால் ஃபில்டர் தவறான இடத்தில் இருக்கிறது. இரண்டாவது அழுத்தம்: எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் மேனிஃபோல்டு சென்சார் அன்றைய வளிமண்டல அழுத்தத்தைச் சொல்லும், பாதுகாப்பான இடத்தில் முழு த்ராட்டிலில் உச்சச் சுற்றுக்கு ஏற்றும்போது அது எவ்வளவு குறைகிறது என்பதே வழியில் உள்ள மொத்தத் தடை. 101 கிலோபாஸ்கல் 98 ஆனால் மூன்று விழுக்காடு தடை; அது 100.5 ஆக நின்றால் இனிக் குழாயை அகலமாக்குவதில் பயனில்லை. மூன்றாவது, எரிபொருள் திருத்தம்: ஈசியூ நெடுநாள் அளவில் பெட்ரோலைத் தொடர்ந்து பெரிதாகக் கூட்டியோ குறைத்தோ வந்தால் இணைப்பில் கசிவோ சென்சாரில் பிழையோ உண்டு.

இந்த மூன்று எண்களையும் கேட்காமல் குழாய் வாங்குபவர் ஓசைக்கும் தோற்றத்துக்கும் பணம் கொடுக்கிறார். அதில் தவறில்லை, தெரிந்து கொடுத்தால் போதும். எஞ்சினை மாற்றும் அளவுக்கு உழைப்பும் பணமும் செலவிட்டவர் அப்படி நிற்கக் கூடாது. குழாயின் விட்டத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஃபில்டரின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் சென்சார் உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறாதவரை கோல்ட் ஏர் இன்டேக் நல்ல வேலை. வரிசை மாறினால், இருநூறு குதிரைத்திறன் எஞ்சினை இறக்கிவிட்டு நூற்றுத் தொண்ணூறை மட்டும் ஓட்டிக்கொண்டு, அதன் சத்தத்தை மட்டும் ரசிக்க வேண்டியதுதான்.